உப்புக் குறைத்த ஜாடி

தெருவில் எல்லோருக்கும் அவள் ஜாடியக்கா. சமையலறைச் சுவரில் தலைக்கு மேல் ஓடும் பலகை முழுக்க, உப்பும் வினிகரும் சேர்த்துக் காய்களை அடைத்து வைத்த கண்ணாடி ஜாடிகள். ஊரையடுத்த தோட்டங்களில் அந்தந்தப் பருவத்தில் எது விளைகிறதோ அதுதான் அவள் அடுப்பில் ஏறும். பனி நாளில் முள்ளங்கி, வெயிலில் பூசணியும் வெள்ளரியும், மழை விட்டதும் பீன்ஸ். லாரியில் வந்து இறங்கிய காய் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். “எந்தத் தண்ணி குடிச்சு வளந்ததோ, யாரு கண்டா?” என்பாள். தோட்டங்கள் காய்ந்து கிடக்கும் நாட்களில் மட்டும் ஜாடிகள் திறக்கும்.

அவள் புருஷன் தையல்காரர். முன்னறையில் மிஷின் போட்டிருந்தார். வெளியே ஒரு டீகூடக் குடிக்காத மனுஷர். துணி தைக்க வந்தவர்கள் கேலி செய்தால், “வீட்டுல கை மணக்கச் சமைச்சுப் போடறா. நான் எதுக்குக் கண்ட இடத்துல கைநனைக்கணும்?” என்பார். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அந்த வருஷம் அவருக்கு ரத்தக்கொதிப்பு வந்தது. கூடவே வயிற்றில் புண். உப்பையும் புளிப்பையும் குறைக்கச் சொன்னார் டாக்டர். அப்படியென்றால் அவருக்கு உயிரான ஜாடி பீன்ஸ் இனிமேல் கிடையாது. பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்த அவளைப் பார்த்துவிட்டு அவர், சாப்பாடு மறுக்கப்பட்ட பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போனார். அவளுக்கு மனசு கேட்கவில்லை.

அவருக்கென்று தனியாகச் சின்ன ஜாடிகளில் போட்டாள். உப்பு சும்மா பேருக்கு. வினிகரைக் காட்டியதோடு சரி. மற்றபடி வழக்கம்போல வேகவைத்து, ஆவி பறக்க நிரப்பி, மூடியை முறுக்கி இறுக்கினாள். காற்றே புகாதபோது எந்தக் கிருமி புகும் என்று அவள் கணக்கு. உப்பும் வினிகரும் நாக்குக்காகத்தான் என்று நினைத்திருந்தாள். இத்தனை வருஷமும் ஜாடியைக் காவல் காத்தவை அவைதான். வேகவைத்தாலும் சாகாமல், காற்றில்லாத இடம்தான் வேண்டும் என்று காத்திருக்கும் நஞ்சுக் கிருமி ஒன்று உண்டு. இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் கோபம் வருகிறது. கோபப்பட்டு என்ன பயன், அவ்வளவு ஆசையோடு செய்தாள்.

கோடையின் கடைசியில் தோட்டங்களில் ஒன்றும் இல்லாமல் போனபோது அவருடைய ஜாடியைத் திறந்தாள். மூடி லேசாக உப்பியிருந்தது. திருகியதும் உஸ்ஸென்று ஒரு சத்தம். முகர்ந்து பார்த்தாள், கெட்ட வாடை எதுவும் இல்லை. நல்லா இறுக்கித்தான் மூடியிருக்கோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். அவள் ருசி பார்க்கவில்லை. உப்பில்லாப் பண்டம் அவளுக்கு ஆகாது. அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

மறுநாள் மிஷினில் உட்கார்ந்தவர், “ஏம்மா, ஊசிக் காது ரெண்டு ரெண்டா தெரியுது” என்றார்.

“கண்ணாடியை மாத்துங்கன்னு எப்பவோ சொன்னேன். நானும் ரெண்டா தெரியறேனா?”

“தெரியறியே. ஒருத்தியவே சமாளிக்க முடியல, இதுல இன்னொருத்தி வேற.”

இருவரும் சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

கொஞ்ச நேரத்தில் அவருக்கு நாக்கு உலர்ந்தது. பேச்சு குழறியது. சட்டை வாங்க வந்த ஒருவன், “என்னக்கா, காலையிலயே போட்டுட்டாரா?” என்று கேட்டுவிட்டான். அவனைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். மனுஷர் களைத்துப் போயிருக்கிறார், வாய்க்குப் பிடித்ததைக் கொடுத்தால் தெம்பு வரும் என்று மத்தியானம் அதே ஜாடியிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்துத் தன் கையாலேயே ஊட்டினாள். அவர் சிரமப்பட்டு விழுங்கினார். பின்னாலேயே கொடுத்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

சாயங்காலத்துக்குள் அவர் தொண்டையில் குழாய் இறங்கிவிட்டது. மூச்சை மிஷின் விட்டது. இமைகள் மூடிக் கிடந்தன.

“மயக்கம்னு நினைச்சுக்காதீங்கம்மா” என்றார் டாக்டரம்மா. “நினைவு முழுசா இருக்கு. நாம பேசறது அவருக்குக் கேக்குது. தசைதான் ஒண்ணும் வேலை செய்யல. வெளியில எங்கயாவது சாப்பிட்டாரா?”

“அவரு வெளியில பச்சத் தண்ணிகூடக் குடிக்க மாட்டாரு.” பழக்கத்தில் குரலில் கொஞ்சம் பெருமைகூட எட்டிப்பார்த்தது.

“அப்ப வீட்டுல? டப்பா, ஜாடி, அந்த மாதிரி ரொம்ப நாள் அடைச்சு வெச்சது?”

அவளுக்கு அந்த உஸ் சத்தம் காதில் கேட்டது.

“சீக்கிரம் சொல்லுங்கம்மா. இதுக்கு முறிவு மருந்து இங்க கிடையாது, வெளியிலேர்ந்து வரவழைக்கணும். நேரம் போகப் போக அது கொடுத்தும் பிரயோஜனமில்ல.”

தள்ளிப் போய்ச் சொல்லலாமா என்று வாசலைப் பார்த்தாள். அவர் தலைமாட்டில் நின்றபடியே சொன்னாள்.

“நான் போட்ட பீன்ஸுதாங்க. அவருக்காக உப்பைக் குறைச்சுப் போட்டேன். இன்னிக்கும் நான்தான் ஊட்டினேன்.”

டாக்டரம்மா போனை எடுத்துக்கொண்டு வெளியே விரைந்தார். அவள் கை நீட்டி, புருஷனின் இமையை விரலால் மெல்லத் தூக்கினாள். கண் அவளைத்தான் பார்த்தது. அதில் இருப்பது கோபமா பயமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. விரலை எடுத்தால் இமை விழுந்துவிடும். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.