கைப்பிடியில் கட்டிய படகு

என் தங்கை கார்குழலி ஜெயித்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். மேசை இல்லாத வீட்டில் அப்பா மீன் வைக்கும் ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு எழுதிப் படித்து, பத்தாம் வகுப்பில் கணக்கில் நூறு. குருசுக்குப்பத்தில் எங்கள் தெருவிலிருந்து முதல் சிவில் என்ஜினியரிங் சீட்டு. பொண்ணுக்கு எதுக்கு சிமெண்டு வேலை என்று கேட்ட மாமாவே, தன் வீட்டு மாடிக்கு பிளான் போட்டுத் தரச்சொல்லி வந்து நின்றது. முதல் வேலையில் அவளைப் பாப்பா என்று கூப்பிட்ட மேஸ்திரி, போகப் போக மேடம் என்றது. இதில் எதற்கும் அவள் உட்கார்ந்து சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அவளுக்கு உட்காரவே தெரியாது. சாப்பிடும்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

நான் ராஜவேல், அவளுக்கு மூத்தவன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் வெல்டிங் செய்கிறேன்.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் மழைத்தண்ணீர் வாய்க்கால் கடலுக்குப் போகிறது. அதன்மேல் கிடந்த பழைய கல் ஒரு பக்கம் உடைந்திருந்தது. கைப்பிடியும் இல்லை. மீன்கூடையோடு பெண்களும், பையோடு பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதில்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீர் எது, கல் எது என்று தெரியாது.

மூலக்குளத்தில் இருக்கும் புருஷோத்தமன் சார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என்ஜினியர். அவரும் சில இளம் என்ஜினியர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படிப்பட்ட வேலைகளைச் சம்பளம் வாங்காமல் முடித்துக் கொடுப்பார்கள். கார்குழலியும் அவர்களில் ஒருத்தி. முறையாக அனுமதி வாங்கி, உடைந்த கல்லை எடுத்துவிட்டு அங்கே சின்னப் பாலம் ஒன்று கட்டினார்கள். வரைபடம் அவளுடையது. கைப்பிடியை நான் செய்தேன்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும், அதற்குப் பொறுப்பானவர் வரைபடத்தின் மூலையில் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் தடுப்பை எடுத்து ஜனங்களை நடக்க விடுவார்கள். அதுவரை எல்லா வேலைக்கும் சார்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். இந்தத் தடவை, வரைந்தவளே போடட்டும் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவளுக்கு நிலைகொள்ளவில்லை. வரைபடத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாள். வேலைக்குப் போகும்போது பாலத்தை ஒரு தடவை பார்ப்பாள், வரும்போது ஒரு தடவை பார்ப்பாள்.

பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒருநாள் கூட்டிவந்து, டேப்பைக் கொடுத்துப் பாலத்தை அளக்கச் சொன்னாள். எல்லாரும் ஒரே நேரத்தில் கைப்பிடியில் சாய்ந்தால் எவ்வளவு எடை தாங்க வேண்டும் என்று கணக்குப் போட வைத்தாள். ஒரு பெண்பிள்ளை கேட்டது:

"அக்கா, இது உழுந்துட்டா யாரு திட்டு வாங்குவாங்க?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"கையெழுத்துப் போட்டவங்க."

திறப்புக்கு முந்தின வாரம், ஆகஸ்ட் கடைசியில், ஒரு மத்தியானம் கடல் ஏறி, அலை கரையைத் தாண்டி வந்தது. கரையில் இருந்த படகுகளை எல்லாரும் மேலே இழுத்தார்கள். எங்கள் அப்பா முத்துவும் தன் படகை வாய்க்கால் ஓரம் வரைக்கும் ஏற்றி, கயிற்றை வீசி, புதுக் கைப்பிடியின் கடைசிக் காலில் சுற்றி முடிச்சுப் போட்டார். எங்கள் கரையில் அப்படித்தான். ஊன்றி நிற்பது எதுவானாலும் கயிறு அதில் போய் விழும். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், தப்பாகத் தோன்றவே இல்லை.

அடுத்த அலை படகைத் தூக்கிப் பின்னால் இழுத்தது. கயிறு விறைத்தது. கைப்பிடிக் கால் சாய்ந்தது.

கார்குழலி ஓடிவந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். ஈரக் கயிறு, வரவில்லை.

"அவுத்து உடுப்பா. இது ஆளு சாயறதுக்குப் போட்டது, படகு கட்டறதுக்கு இல்ல."

"கம்பின்னா கட்டத்தான். பின்ன எதுக்கு நட்டு வச்சிருக்க, துணி காயப்போடவா?"

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லாருமாகப் படகை இன்னும் மேலே இழுத்த பிறகுதான் கயிறு தளர்ந்தது. அவளுக்கு அப்பாமேல் கோபம் இல்லை.

"ஜனம் சாயறத கணக்குப் போட்டேண்ணா," என்றாள் என்னிடம். "இங்கயே பொறந்துட்டு, நம்மப்பா கயிறு கட்டுவாருன்னு போடல."

சார் அன்றைக்கே வந்து பார்த்தார். வளைந்த காலை நான் மாற்றித் தருகிறேன் என்றேன். படகு கட்டக் கூடாது என்று ஒரு போர்டு வைத்துவிடலாம் என்றாள் கூட வேலை செய்யும் பூர்ணிமா. திறப்பு நாளைப் பள்ளிக்கூடத்தில் சொல்லியாகிவிட்டது என்றார் சார். மழை பிடித்துவிட்டால், பழைய கல்லும் இல்லாமல் பிள்ளைகள் மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

"தெரியும் சார். கடல் ஏறும்போது போர்டை யாரும் படிக்கமாட்டாங்க. கயிறு உழ வேற எடம் வேணும். அதுவரைக்கும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

சார் படகுகள் நின்ற பக்கம் திரும்பினார். "அப்ப, கயிறு கட்டறதுக்குத் தூண் ஒண்ணு எங்க நடப்போற?" என்றார்.

அப்பாவைப் படகோடு நிற்க வைத்துக் கயிற்றை வீசச் சொன்னாள். மற்றவர்களையும் வீசச் சொன்னாள். பாலத்துக்கு முன்னால், எல்லார் கயிறும் எட்டுகிற இடத்தில் குழி தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மணல் சரிந்தது. சாரே பேண்டை மடித்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார். தடிமனான கான்கிரீட் தூண் ஒன்று எழும்பியது. அது இறுகும் வரை தினமும் காலையில் சாக்கை நனைத்துச் சுற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். மேகம் கூடினால் வீட்டுக்குள் நிற்கமாட்டாள். என்னையும் சும்மா விடவில்லை. நான் மாற்றிய காலில் வெல்டிங் பிடித்திருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்தாள். வேறு யாராவது தட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கடல் ஏறியது. இந்தத் தடவை, எதில் கட்டுவது என்று அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. படகை ஏற்றினார், கயிற்றை வீசினார். அது தூணில் விழுந்தது. அலை இழுத்தது, கயிறு விறைத்தது, தூண் அசையவில்லை. கார்குழலி தூணைப் பார்க்கவில்லை. பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தூண் இழுபடும்போது அதில் நடுக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு மூன்று அலை போன பிறகும் கையை எடுக்கவில்லை.

தெருப் பிள்ளைகள் தடுப்பில் தொற்றிக்கொண்டு நின்றார்கள்.

"இன்னும் என்னாத்த பாக்குற?" என்றார் அப்பா. "அதுங்க தாண்டிக் குதிச்சிடும் போலக்குது. போட்டுத் தொல."

படகிலிருந்த ஐஸ் பெட்டியை இறக்கிக் கவிழ்த்து வைத்தார். அவள் வரைபடத்தை அதன்மேல் விரித்து, காற்றில் பறக்காமல் என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மூலையில் பெயரை எழுதினாள். கீழே தேதி போட்டாள்: 22.9.2024.