புயலக்கா கையெழுத்துப் போடவில்லை

அந்தப் பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் எல்லாரும் அவளைப் புயலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாகப் படுக்கை விரிப்பு மடிப்பவள். இருவர் எதிரெதிரே நின்று உதறி மடிக்க, ஜன்னல் பக்கம் நிற்பவள் அப்படியே இடுப்பைத் திருப்பிப் பக்கத்துத் தள்ளுவண்டியில் அடுக்குவாள். ஓர் அடி நடக்க வேண்டாம். அதனாலேயே ஒவ்வொரு ஜோடியிலும் அந்த இடம் மூத்தவளுக்கு. புயலக்கா அதை ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

எட்டு மாதமாக அவள் இடுப்பில் ஒரு பாவி குடியேறியிருந்தான். அங்கே கிளம்பும் வலி கெண்டைக்கால் வரை மின்சாரமாய் இழுக்கும். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். ஒரு நாள் விரிப்போடு சுருண்டு விழுந்தாள்.

மறுநாளே மேற்பார்வையாளர் ஒரு தாளை நீட்டினார்.

"இந்த வேலைக்கு உடம்பு தாங்கலைன்னு எழுதியிருக்கேன். கையெழுத்துப் போட்டுட்டு வீட்ல நிம்மதியா இரும்மா."

"ஒரு மாசம் குடுங்க சார்."

வீட்டில் கணவனும் அதையே சொன்னான். "பேசாம வந்து படு. நான் சம்பாதிக்கலையா?"

"நீ சம்பாதிக்கிற, சரி. படுத்துட்டா நான் யாரு?"



நரம்பு அழுந்தியிருக்கிறது, அறுவை சிகிச்சை இப்போது தேவையில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கையாலேயே முதுகெலும்பை அழுத்திச் சீராக்கும் கைரோபிராக்டர் ஒருத்தியிடம் மகள் அழைத்துப் போனாள். அந்தக் கைரோபிராக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்தாள். காலைத் தூக்கிப் பார்த்தாள். பக்கவாட்டில் படுக்க வைத்து ஒரு அழுத்து. டொக்!

"ஐயோ, ஒடச்சிட்டாளே!"

"அது வெறும் காத்து சத்தம்மா. எலும்பு பத்திரமா இருக்கு. நான் செய்றது பாதி, பயிற்சியும் நடையும் மீதி. கால் மரத்துப்போனா, இல்ல சிறுநீர் கட்டுப்படலைன்னா எங்கிட்ட வராதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க."

"நான் அங்கதானே கெடக்குறேன்!"

கைரோபிராக்டர் சிரித்துவிட்டு ஒரு போர்வையைக் கொடுத்தாள். "எப்படி மடிப்பீங்க? காட்டுங்க."

புயலக்கா ஜம்பமாக மடித்தாள், திரும்பினாள்.

"கால் நகரவே இல்லை. இடுப்பு மட்டும் திருகுது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"நானூறு இருக்கும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. கௌரவம் என்று கட்டிக்காத்த இடம், இத்தனை வருடமாக அவளைத் துணிபோல் பிழிந்திருக்கிறது!

மறுநாள் காலை அவள் தன் வண்டியை நாலடி தள்ளி நிறுத்தினாள். ஒவ்வொரு விரிப்பையும் நடந்து போய் அடுக்கினாள். பதினோரு மணிக்கு, கைரோபிராக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சிப்படி, கூடத்தின் நட்டநடுவில் குப்புறப் படுத்து, கையை ஊன்றி மார்பைத் தூக்கினாள்.

"மகாராணி நீச்சல் அடிக்குறாங்கடி!" என்றாள் எதிரே மடிப்பவள்.

"சிரிங்கடி. வாய்தானே, வலிக்காது."

மாதம் முடிந்த அன்று மேற்பார்வையாளர் அதே தாளோடு வந்தார்.

"வலி போச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். "பாதி போச்சு. மீதியோட வேலை செய்றேன், விழாம."

"வண்டிக்கு நடந்து நடந்து நேரம் வீணாகுது. போடுங்க கையெழுத்து."

புயலக்கா பேனாவை வாங்கினாள். அவள் அதை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஜன்னல் பக்கம் நிக்கிற அக்காங்களா, உங்கள்ல யாருக்கு இடுப்பு வலிக்கலை? கை தூக்குங்க!"

ஒரு கைகூட எழவில்லை. மூன்றாம் ஜோடியின் மூத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் சட்டைக்குள்ளிருந்து இடுப்புப் பெல்ட்டைச் சர்ரென்று பிய்த்து மேசைமேல் போட்டாள். பிறகு இன்னொருத்தி. பிறகு இன்னொருத்தி. மொத்தம் ஐந்து பெல்ட்டுகள்.

"ஆறு தாள் அடிச்சிட்டு வாங்க சார்," என்றாள் புயலக்கா. "அப்புறம் நீங்களும் உங்க பேனாவும் உக்காந்து விரிப்பு மடிங்க."

அவர் பெல்ட்டுகளைப் பார்த்தார். தாளை நாலாக மடித்துப் பைக்குள் செருகினார். அவர் கதவைத் தாண்டும் முன்பே ஐந்து வண்டிகளின் சக்கரங்கள் கிறீச்சிட்டு நாலடி நகர்ந்தன.