அவர் கையில் எங்கள் வீட்டுச் சாவி

சந்தேகப்படுவது கெட்ட குணம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். முப்பத்தோரு வருடம் வங்கியில் லாக்கர் அறையைப் பார்த்துக்கொண்டவள் நான். அங்கே சந்தேகம்தான் வேலை, அதற்குத்தான் சம்பளம். வாடிக்கையாளர் கையில் ஒரு சாவி, என் கையில் ஒரு சாவி, இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். வருகிறவர் முகத்தை நான் சரியாகப் பார்த்தது கூடக் கிடையாது, சாவியின் பல்லைத்தான் பார்ப்பேன். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. அக்காவைக் கேட்டால், அது கட்டையோடுதான் போகும் என்பாள்.

நானும் அக்காவும் மூன்றாவது மாடியில் கோடி வீட்டில் இருக்கிறோம். எங்கள் கட்டடத்து மாடிப்படிக்கு அடியில், தெருவைப் பார்த்தபடி ஓர் இடுக்கு உண்டு. அங்கே ஒரு மேசை, இரண்டு அரம், சாவி வெட்டும் சின்ன இயந்திரம், கம்பியில் கோத்த வெற்றுச் சாவிகள், இவற்றோடு ஒருவர் வந்து உட்கார்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நாற்பது நாற்பத்திரண்டு வயது இருக்கும். சாவிக்காரர் என்றால்தான் யாருக்கும் தெரியும். பேச்சு கம்மி. எவ்வளவு வெயில் அடித்தாலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான். அந்தப் பொத்தான்தான் எனக்கு முதலில் உறுத்தியது. இந்த வேக்காட்டில் ஒருவர் கையை மூடி வைத்தால் அதில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இருந்தது. கோடையில் ஒரு நாள் இயந்திரத்துக்கு எண்ணெய் விடும்போது இடது கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டார். கையின் உள்பக்கம், மணிக்கட்டில் தொடங்கி ஒன்றன் மேல் ஒன்றாக ஒன்பது பச்சைக் கோடுகள். ஒவ்வொன்றும் கீழே நேராகவும் மேலே ரம்பம் மாதிரியும் இருந்தது.

சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஜெயிலில் வருடத்துக்கு ஒரு கோடு குத்திவிடுவார்கள் என்றார் எதிர்த்த மருந்துக் கடைக்காரர். எந்த ஜெயிலில் என்று கேட்டேன், மாத்திரை எண்ணப் போய்விட்டார். பச்சை குத்தியவர்கள் எல்லாம் போதைக்காரர்கள் என்று சொல்லி, முதல் மாடி டியூஷன் டீச்சர் பிள்ளைகளைப் பின்வாசல் வழியாக வரச் சொன்னாள். அவர் தொட்டதைத் தொட்டால் ரத்தத்தில் வியாதி வரும் என்று யாரோ கிளப்பிவிட, எங்கள் சங்கத்துச் செயலாளர் தன் கார் சாவியைக் கிருமிநாசினியில் ஊறப் போட்டார். சாவியில் இருந்த ரிமோட் செத்துப் போனதுதான் மிச்சம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் சித்தி மகன் தோள் நிறைய மீன் குத்திக்கொண்டு கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான், அவனுக்கு ஜலதோஷம் தவிர ஒரு வியாதியும் கிடையாது. பச்சையைப் பார்த்து மிரள நான் என்ன பட்டிக்காடா என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். ஆனால் அந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும் ஒரு விஷயம் தெரிந்தது. அவை வருடக் கணக்கும் இல்லை, கொலைக் கணக்கும் இல்லை. சாவிகள்.

மறுநாள் அக்காவின் பீரோ சாவியை எடுத்துக்கொண்டு டூப்ளிகேட் போடக் கீழே போனேன். தேவையே இல்லை, ஏற்கெனவே இரண்டு இருந்தன. சூடு தாங்காமல் அன்றும் சட்டையை மடித்திருந்தார். அவர் குனிந்து அரத்தால் தேய்த்துக்கொண்டிருக்க, நான் மணிக்கட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஐந்தாவது கோட்டில் ஐந்து பற்கள். மூன்றாவது பள்ளம் ரொம்ப ஆழம், கடைசிப் பல் பாதியில் சரிந்திருந்தது. எங்கேயோ பார்த்த பல்லாக இருக்கிறதே என்று நினைத்தபடி படியேறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பையைத் திறந்து என் வாசல் கதவுச் சாவியை எடுத்துப் பார்த்தேன். அதே ஐந்து பல், அதே ஆழமான மூன்றாவது பள்ளம்.

அக்காவிடம் சொன்னதற்கு, வீட்டில் ஏதாவது காணாமல் போயிருக்கிறதா என்று கேட்டாள். ஒரு ஸ்பூன் கூடப் போகவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. எதற்காகக் காத்திருக்கிறான்?

"உன்னை மாதிரி ஆளு இருக்கிற வீட்டுல எவன் நுழைவான், தைரியமா இரு" என்றாள் அக்கா.

நான் இருக்கவில்லை. செயலாளரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது, ரிமோட் போன ஆத்திரம் வேறு. ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்து அறையில் கூட்டம் போட்டார். சங்கம் வேண்டாம் என்றால் சாவிக்காரர் மேசையைத் தூக்க வேண்டியதுதான். அவருக்கு வேறு கடை கிடையாது. அந்த ஒரு மேசையை நம்பித்தான் மனைவியும் நர்ஸிங் படிக்கிற மகளும் இருந்தார்கள். இது எனக்கும் தெரியும்.

அவர் வந்தார். யாரும் கேட்பதற்கு முன்னால் தானே பொத்தானைக் கழற்றிச் சட்டையை மடித்து, கையை மேசைமேல் நீட்டினார்.

"சந்தேகம்னா வச்சே பாத்துருங்கம்மா" என்றார் என்னிடம்.

சாவியை ஐந்தாவது கோட்டின்மேல் வைத்தேன். பல்லுக்குப் பல் பொருந்தியது. பின்னால் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அவரும் குனிந்து பார்த்தார். முகத்தில் பயம் தெரியும் என்று காத்திருந்தேன், ஆச்சரியம்தான் தெரிந்தது.

"மூணாவது மாடி கோடி வீடா? இன்னும் அதே பூட்டாம்மா போட்டிருக்கீங்க?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஊரார் நகையையெல்லாம் முப்பத்தோரு வருடம் காவல் காத்தவள், பதினோரு வருடத்துக்கு முன் வாங்கிய சொந்த வீட்டுக்குப் பூட்டு மாற்றவில்லை. கனமான பழைய பித்தளைப் பூட்டு, நன்றாகத்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். அக்கா மட்டும் சிரித்தாள். அவளை அப்படியே கிள்ள வேண்டும் போல இருந்தது.

பிறகு அவர் சொன்னது இது. அப்பா பெயின்டர், வேலை கிடைக்கிற பக்கம் குடும்பமும் போகும். அவருக்கு இருபது வயது ஆவதற்குள் ஒன்பது வாடகை வீடு. காலி செய்யும்போது சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வரும் வேலை எப்போதும் அவருக்குத்தான். கொடுப்பதற்கு முன்னால் பள்ளிக்கூட நோட்டில் சாவியை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்துகொள்வார். பெரியவரானதும் அந்த நோட்டைத்தான் பச்சை குத்துகிறவரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். ஐந்தாவது, எங்கள் வீடு. அங்கேதான் அதிகமாக நாலு வருடம் இருந்தார்களாம். அதனால்தான் தேடி வந்து இந்தப் படிக்கு அடியில் இடம் கேட்டாராம்.

"எல்லாச் சாவியையும் திருப்பிக் கொடுத்தாச்சு. எதுவும் எங்களோடது இல்ல" என்றார். "இதை மட்டும் யாரும் திருப்பிக் கேக்க முடியாதுல்ல? அதான் குத்திக்கிட்டேன்."

அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நாங்கள் நம்ப வேண்டும் என்று இன்னொன்றும் சொன்னார். எங்கள் சமையலறை ஜன்னல் கொக்கி தலைகீழாக இருக்கும், மேலே தூக்கித்தான் மாட்ட வேண்டும், அது அவர் அப்பா மாட்டியது. உண்மைதான். அதை மாட்டியவனைப் பதினோரு வருடமாக நான் தினமும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

"உள்ளே போகாம அது எப்படித் தெரியும்?" என்று செயலாளர் பிடித்துக்கொண்டார். சொன்னதே அவருக்கு எதிராகத் திரும்பியது. பூட்டைத் தானே மாற்றித் தருவதாகவும், கூலி வேண்டாம் என்றும் சாவிக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார். இவர் மாற்றினால் பத்தாவது கோடும் வந்துவிடுமே என்று என் மனம் கணக்குப் போட்டது. சனிக்கிழமைக்குள் முடிவு சொல்கிறோம் என்று அனுப்பினார்கள். புகார் என்னுடையது, அதனால் என் வார்த்தைதான் முடிவு.

திங்கட்கிழமை வீட்டின் பழைய சொந்தக்காரருக்கு போன் செய்தேன். வயதானவர், ஆனால் நினைவு கூர்மை. பெயின்டர் குடும்பம் ஒன்று இருந்தது, நல்ல மாதிரி, காலி செய்த அன்று பொடியன் ஒருத்தன் சாவியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசலிலேயே ரொம்ப நேரம் நின்றான் என்றார். போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை செயலாளர் வந்து கேட்டபோது, அந்த ஆள் சொன்னது உண்மைதான் என்றேன். அங்கேயே வாயை மூடியிருக்க வேண்டும். "ஆனாலும் சாவி கையில இருக்கே" என்றேன். அந்த ஆனாலும் போதுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாவிக்காரர் மேசையைத் தூக்கினார். சண்டை போடவில்லை, யாரையும் திட்டவில்லை. அந்த இடத்தில் கிடந்த பித்தளைத் தூளைக் கூட்டி அள்ளிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை அடுத்த தெருவிலிருந்து வேறொரு பூட்டுக்காரனைக் கூப்பிட்டேன். கதவைத் திறந்ததும் முதலில் கையைத்தான் பார்த்தேன். இரண்டு கையும் வழித்துவிட்ட மாதிரி சுத்தம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வாய் நிறைய மேடம். புதுப் பூட்டும் அவனே கொண்டுவந்தான். அரை மணி நேரத்தில் மாட்டி, சாவியைக் கொடுத்து, காபி கூடக் குடித்துவிட்டுப் போனான். எனக்கு நிம்மதியாக இருந்தது. மத்தியானம் அக்கா, பூட்டு வந்த அட்டைப் பெட்டியைக் குப்பையில் போடப்போனவள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"இதுல மூணு சாவின்னு போட்டிருக்கேடி."

மேசைமேல் இரண்டுதான் இருந்தன. மிதியடிக்குக் கீழே, சோபா இடுக்கில், குப்பைக்கூடையில், எங்கும் தேடினோம். அவனுக்கு போன் செய்தால் எடுக்கவில்லை. கடைக்கு ஆள் அனுப்பினால், பெட்டியில் இரண்டுதான் வந்தது என்று சாதித்தான். என்னை அறியாமல் படியிறங்கிக் கீழே போய், அந்த வெற்று இடுக்கின் முன்னால் நின்றேன். மேசைக்கால் இருந்த நாலு தடமும், சுவரில் பெயின்டால் எழுதிய போன் நம்பரும்தான் மிச்சம்.

அழைத்தேன். மூன்றாவது மாடி கோடி வீடு என்றேன்.

"பூட்டாம்மா?" என்றார்.

வேறொரு பூட்டை, சீல் பிரிக்காத பெட்டியாக, என்னையே வாங்கி வைக்கச் சொன்னார். மறுநாள் காலை வந்தார். முழுக்கை, பொத்தான். வாசலுக்கு வெளியே துணி விரித்து உட்கார்ந்து, முதல் நாள் மாட்டிய பூட்டைக் கழற்றினார். உள்ளே வாங்க என்றேன். இரண்டு தடவை சொன்னேன்.

"வேணாம்மா. உள்ள போனதாத்தானே அன்னிக்குச் சொன்னாங்க. நான் வெளியவே இருந்துக்கிறேன்."

கதவின் உள்பக்கம் நாலு ஸ்க்ரூ முடுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை நிலைப்படிக்கு மேலே நீட்டினார். வெளியே இருந்து அவர் பூட்டைப் பிடித்துக்கொள்ள, உள்ளே நின்று நான் முடுக்கினேன். கை நழுவியது, அவர் பொறுமையாக இருந்தார். சமையலறை ஜன்னல் அங்கிருந்தே தெரியும். ஒரு தடவை எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். படிக்கு அடியில் மறுபடி உட்காரச் சொல்லிச் செயலாளரிடம் பேசுகிறேன் என்றேன். பேருந்து நிறுத்தத்தில் இடம் கிடைத்துவிட்டது, அங்கே யாரும் கையைப் பார்ப்பதில்லை என்றார்.

கடைசியில் சாவிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் என் கையில் வைத்தார்.

"நீங்களே பிரிச்சு, என் முன்னாடியே எண்ணிக்கோங்கம்மா" என்றார்.

வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. ஆனாலும் எண்ணினேன். மூன்று இருந்தது.