ஏஞ்சலின் போட்ட கையெழுத்து

கும்மிடிப்பூண்டியில் ஒரு நட்டு போல்ட்டுக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கும் ஏஞ்சலின், தன் ஊருக்கு வார்டு மெம்பரும்கூட. ஊராட்சிக் கூட்டத்தன்று ஷிப்ட் இருந்தால், காலையிலேயே தீர்மானப் புத்தகத்தின் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுவாள். எல்லா மெம்பர்களும் அப்படித்தான்.

அதில் அப்புறம் என்ன எழுதினார்கள் என்பது ஐப்பசியில்தான் தெரிந்தது. ஏரிக்குத் தண்ணீர் வரும் மேட்டில் நாற்பது வீடு என்றிருந்த மனைப்பிரிவு நானூறாகிவிட்டது. வரத்துக் கால்வாயை மண்ணடித்து மூடிவிட்டார்கள். முதல் மழைக்கே அவள் தெருவில் முழங்கால் தண்ணீர். ஊரே அவளைக் காறித் துப்பியது.

மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்த அதிகாரியிடம் மனுவோடு ஓடினாள்.

"நானூறு ஊடு தாங்காது சார். அந்த மேட்டு மழை மொத்தமும் எங்க ஊட்டுக்குள்ளதான் எறங்குது."

அவர் தீர்மான நகலைத் திருப்பிக் காட்டினார். "ஆட்சேபணை இல்லைன்னு நீங்கதானேம்மா கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

"நான் போடறப்ப அதுல ஒண்ணுமே எழுதல சார்!"

சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

அவர் சலித்துப்போய் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "சரி, இந்த மனு செல்லாது. இதுல கீழ கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. மேல நாங்க எழுதிக்கிறோம்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஏஞ்சலின் பேனாவை வாங்கினாள்.