நிழல் வண்டில்

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. திருகோணமலைக் கடற்படைத் தளத்தை விட்டு வெள்ளைக்காரர் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். ஆனி மாதம், கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது இருபது வயது. துறைமுகத்துக் களஞ்சியம் ஒன்றில் கிளாக்கராகச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அக்கா இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். அம்மா கருவாடு விற்கப் போய்விடுவதால் கைக்குழந்தையாக இருந்த என்னைத் தூக்கி வைத்திருக்க ஆள் தேவைப்பட்டது, அதனால்தான் நின்றாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் பிறகு செய்தது எவ்வளவு கேவலமானது என்று விளங்காது.

அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு அப்போது ஏழு வயது, ஆனால் உடம்பு நாலு வயதுப் பிள்ளையுடையது. பிறந்ததிலிருந்தே கையும் காலும் அவள் சொல் கேட்கவில்லை. கழுத்து நிற்காது, பேச்சு இல்லை. சந்தோஷம் வந்தால் தொண்டையிலிருந்து புறா குமுறுவது போல ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். எப்போதாவது வலிப்பும் வரும். இளையவன் ஒன்றரை வயதுப் பயல். அத்தான் கடற்றொழிலாளி. அந்த மாதங்களில் புல்மோட்டைப் பக்கம் கடற்கரையில் வாடிக் குடிசை போட்டுத் தங்கிவிடுவார்.

செவ்வாயும் வெள்ளியும் மூத்தவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கால்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். விட்டால் கால் நரம்புகள் இழுத்து முடங்கிப்போகும், பிறகு நிமிர்த்தவே ஏலாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அக்கா ஓர் இடுப்பில் மகளையும் மற்ற இடுப்பில் மகனையும் வைத்துக்கொண்டு இரண்டு மைல் நடப்பாள். அந்த ஆனியில் அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு செவ்வாயும் ஒரு வெள்ளியும் தவறிப்போயின. மூத்தவளின் குதிக்கால் நிலத்தில் படாமல் மேலே இழுக்கத் தொடங்கியது.

அப்போதுதான், ஒரு வெள்ளைக்கார அதிகாரி வீட்டுச் சாமான்களை அவர்களுடைய சமையற்காரர் விற்கிறார் என்றும், அதில் இரட்டைப் பிள்ளைகளுக்கான தள்ளுவண்டில்கள் இருக்கின்றன என்றும் கேள்விப்பட்டேன். அக்காவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா வீட்டு வாசலையும் வேலிப் படலையையும் அளந்து ஒரு கொப்பியில் எழுதி எடுத்துக்கொண்டுதான் போனேன்.

அங்கே இரண்டு வண்டில்கள் நின்றன. ஒன்று கருநீல நிறம், வள்ளம் போல ஆழமானது. இரண்டு முனையிலும் றிக்ஷோவுக்கு இருப்பது போல மடக்குக் கூரை. பிள்ளைகள் எதிரெதிராக இருக்க வேண்டும். மற்றது கூரை ஒன்றும் இல்லாத வெறும் இருக்கை வண்டில். இரண்டு இருக்கையும் பக்கத்தில் பக்கத்தில். கன்வஸ் வெளுத்திருந்தது, ஒரு சில்லு கீச்சிட்டது.

"ரெண்டும் ஒரே விலைதான் தம்பி," என்றார் சமையற்காரர். "ஓடினாலும் நான் பொறுப்பில்லை, ஓடாட்டிலும் நான் பொறுப்பில்லை."

அக்கா மகளைத் திறந்த வண்டிலில் இருத்தி வாரைக் கட்டினாள். இளையவன் கேட்காமலே மற்ற இருக்கையில் ஏறி, தமக்கையின் கையைப் பிடித்துக்கொண்டான். அக்கா ஒரு முறை தள்ளிப் பார்த்தாள். சில்லு கீச்சிட்டது. மூத்தவள் புறாவைப் போலக் குமுறினாள். திரும்பத் தள்ளினாள். திரும்பவும் அந்தச் சத்தம்.

"தம்பி, இது நல்லாயிருக்குப் போல," என்றாள் அக்கா.

"இது அகலம் அக்கா. உங்கட படலைக்குள்ளால வராது. நாலு விரல் கூட," என்று கொப்பியைக் காட்டினேன். "மற்றதெண்டால் வெயில் படாது, தூசி படாது."

அக்கா கொப்பியைப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. "நீ சொன்னால் சரிதான்," என்றாள்.

எங்களுக்குப் பின்னால் நின்ற ஒருவர் முன்னுக்கு வந்தார். மூதூரிலிருந்து காலை லோஞ்சுப் படகில் தயிர்ச்சட்டி கொண்டுவந்து சந்தை முனையில் விற்கும் முஸ்லிம் வியாபாரி, எல்லாருக்கும் தெரிந்தவர். "தம்பி விடுறதெண்டா அதை நான் எடுக்கட்டா?" என்றார்.

"உங்களுக்கு என்னத்துக்கு நானா? வீட்டில ரெட்டைப் பிள்ளையளோ?" என்றார் சமையற்காரர்.

"ரெட்டையா? இருவது பேர் இரிக்காங்க. ஒருத்தனும் அழமாட்டான். எல்லாம் தயிர்ச்சட்டி."

எல்லோரும் சிரித்தோம். அவர் திறந்த வண்டிலோடு போனார். நாங்கள் கூரை வண்டிலோடு வந்தோம்.

படலை அளவு உண்மைதான். ஆனால் நான் அந்த வண்டிலைத் தேர்ந்தது படலைக்காக அல்ல. அக்கா வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி என் களஞ்சிய வாசலைத் தாண்டித்தான் போகிறது. வாசலுக்கு எதிரே தேத்தண்ணிக் கடை. அங்கே எங்கள் கந்தோரில் வேலை செய்பவர்கள் யாராவது எப்போதும் நிற்பார்கள். வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் ஒருவர் என்னிடம், அக்காவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று சும்மா கேட்டார். "ஒண்டு. பொடியன்," என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்றைக்கு என்னை நானே கேட்கவில்லை. வாயில் அப்படியே வந்தது.

அடுத்த வெள்ளி அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு நானே தள்ளிக்கொண்டு போனேன். கைபிடிப் பக்கத்து முனையில் மூத்தவளைச் சாய்த்துப் படுக்கவைத்து, அந்தப் பக்கத்துக் கூரையை முழுதாக விரித்தேன். போதாதென்று அக்காவின் பழஞ்சேலைத் துண்டொன்றைக் கூரை விளிம்பில் செருகித் தொங்கவிட்டேன். "வெயில் அக்கா," என்றேன். அக்கா துணியை ஒரு தரம் பார்த்துவிட்டு மகனைத் தூக்கி இருத்தினாள். மற்ற முனையில் கூரை மடித்திருந்தது. அங்கே இளையவன் எங்களைப் பார்த்தபடி இருந்தான். தமக்கையின் பாதங்கள் மட்டும் துணிக்கு அடியால் நீண்டு அவன் மடியில் கிடந்தன. தள்ளிக்கொண்டு போகிற எங்களுக்கு அவள் முகம் தெரியாது.

மணற்பாதை முடிந்து தார் றோட்டில் ஏறியதும் இளையவன் சிணுங்கத் தொடங்கினான். எட்டித் துணியைப் பிடித்து இழுத்தான். நான் அதைத் திரும்பச் செருகினேன். கொஞ்சத் தூரத்தில் மறுபடியும் இழுத்தான். "சும்மா இரடா," என்று கையில் ஒரு பிஸ்கற்றைக் கொடுத்துவிட்டு மூடினேன். அவன் பிஸ்கற்றை வீசிவிட்டான். தமக்கையின் பாதத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீரிட்டு அழுதான்.

"பசிக்குதோ தெரியேல்லை," என்றாள் அக்கா.

மூன்றாம் தரம் அவன் துணியை இழுத்தது சரியாகக் களஞ்சிய வாசலுக்கு முன்னால். தேத்தண்ணிக் கடையில் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் கையைத் தூக்கினார். நான் ஒரு கையால் அவருக்குச் சலாம் போட்டு, மற்றக் கையால் துணியை இழுத்து, இந்த முறை விலகாதபடி மெத்தைக்கு அடியில் செருகினேன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர்களும் பார்த்திருப்பார்கள்.

சந்தை முனைக்கு இன்னும் இருநூறு யார் தூரம் இருந்தது. அங்கே தயிர்க்கார நானா நிலத்தில் சாக்கு விரித்து இருந்தார். பக்கத்தில் திறந்த வண்டில், இரண்டு இருக்கையிலும் பிள்ளைகளைப் போல வார் கட்டிய தயிர்ச்சட்டி அடுக்கு.

"என்ன தம்பி, கப்பல் போகுது! கொடிதான் ஏத்தயில்ல," என்று சத்தம் வைத்தார். நான் சிரித்தபடி தாண்டப் பார்த்தேன். அவர் நிலத்தில் இருந்ததால் அவருடைய கண், பக்கவாட்டில், வண்டில் விளிம்பு மட்டத்தில் இருந்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"தம்பி! நில்லுங்க! அந்தப் புள்ளட காலப் பாருங்க!"

எழும்பி வந்து, என்னைக் கேளாமலே துணியைப் பிடித்து இழுத்தார். துணி கிழிந்தது.

மூத்தவளின் தலை ஒரு பக்கம் சரிந்து, கூரைக்கும் மெத்தைக்கும் இடையில் அகப்பட்டிருந்தது. உதடு நீலம். வாயோரம் நுரை. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. நான் செருகிய துணியின் ஓரம் அவள் வாயை மூடிக் கிடந்திருக்கிறது, அது நனைந்திருந்தது.

அக்காவுக்கு வலிப்பு புதிதல்ல. பிள்ளையைத் தூக்கி நானாவின் சாக்கில் பக்கவாட்டில் கிடத்தினாள். ஆட்கள் கூடிவிட்டார்கள். "இரும்பு குடுங்கோ, கையில இரும்பு குடுங்கோ," என்றார் ஒருவர். நானா சாவிக் கொத்தை எடுத்து அக்காவிடம் எறிந்துவிட்டு, "காத்து விடுங்க! தள்ளுங்க! இதென்ன படமா ஓடுது?" என்று கையை விரித்துக் கூட்டத்தைப் பின்னால் தள்ளினார். தன் தோள் துண்டால் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டார். நான் வண்டில் கைபிடியைப் பிடித்தபடி நின்றேன். அவ்வளவு நேரமும் நான் செய்த காரியம் அது ஒன்றுதான்.

இழுப்பு நின்றது. அவள் மூச்சு விட்டாள். பிறகு ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு மூச்சு. நானா அவளைத் தூக்கி என் கையில் தந்தார். "ஓடுங்க தம்பி. அக்காவும் சின்னவனும் நடந்து வரட்டும்." அந்தத் தெரு முழுவதும் பார்க்க, அவளை மார்போடு அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவளை வெளியில் நான் தூக்கியது அதுதான் முதல் தரம்.

பிழைத்துக்கொண்டாள். நேர்ஸ் அவளுடைய சட்டையைக் கழற்றி உடம்பை ஈரத் துணியால் துடைத்தபடி, "இந்த வெக்கைக்குள்ள ஆர் பிள்ளையைப் போர்த்து மூடினது? இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால்..." என்று கேட்டார். அக்கா நிலத்தைப் பார்த்தாள். "தூசிக்கு," என்றேன் நான். அப்போதும் பொய்தான் சொன்னேன்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் இளையவன் அக்கா மடியில் நித்திரையாகிவிட்டான்.

"அக்கா, நான் வெயிலுக்கெண்டு மூடேல்லை."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"படலை அகலம் காணாது எண்டு நீ கொப்பியைக் காட்டேக்கையே தெரியும்."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

அக்கா மகனின் விலகிய சட்டையை இழுத்துவிட்டாள். "றோட்டில ஆக்கள் நிண்டு நிண்டு பாக்கிறது எனக்கும் அலுத்துப் போச்சடா. நீ மூடினாய். நானும் திறக்கேல்லைத்தானே." மகனின் தலையைத் தடவினாள். "இவன் ஒருத்தன்தான் சொல்லிச் சொல்லிப் பாத்தவன்."

பின்னேரம் வண்டிலை எடுக்கச் சந்தைக்குப் போனேன். நானா அதை நிழலில் தள்ளி வைத்திருந்தார். என்னைக் கண்டதும் முதலில் பிள்ளையைத்தான் கேட்டார். "கண் முழிச்சிட்டாள்," என்றதும், "அல்ஹம்துலில்லாஹ்" என்று நெஞ்சில் கையை வைத்தார். கூரை வண்டிலைப் பார்த்தபடி நின்றேன். கடைசியில், "நானா, ஆக்கள் பாப்பினம் எண்டுதான்..." என்று தொடங்கினேன்.

அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. திறந்த வண்டிலிலிருந்து வெறும் சட்டிகளை இறக்கத் தொடங்கினார்.

"தம்பி, எனக்கொரு கரைச்சல் இரிக்கி. இந்தக் கச்சான் வெயிலுக்கு லோஞ்சடியில இருந்து இஞ்ச வாறத்துக்குள்ள தயிர் புளிச்சுப் போகுது. சனம் ஏசுது. நிழல் வேணுமெண்டா தயிருக்குத்தான் வேணும். அந்தக் கப்பல எனக்குத் தாங்க, இத நீங்க எடுங்க."

"இது கீச்சிடுமே நானா" என்றேன், எதையாவது சொல்ல வேண்டுமே என்பதற்காக.

"எண்ணெய் போட்டுராதீங்க. அந்தப் புள்ளைக்குப் புடிச்சதே அந்தச் சத்தம்தானே?"

அன்றைக்கு அவரும் அதைக் கவனித்திருக்கிறார். அளந்து எழுதிக்கொண்டு போன நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

அன்று மாலையே அக்கா வீட்டுப் படலைக் கம்பத்தைப் பிடுங்கி ஒரு சாண் தள்ளி நட்டேன். அரை மணித்தியால வேலை.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் லீவு எடுத்தேன். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள், அவன் கை அவள் கையைப் பிடித்திருந்தது. அவளுக்கு அக்கா தைத்த சீத்தைத் துணித் தொப்பி ஒன்று மட்டும். சில்லு ஊர் முழுக்கக் கேட்கக் கீச்சிட்டது. களஞ்சிய வாசலில் ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்ததை மறைக்க மாட்டேன். அன்றைக்குக் கை தூக்கியவர் கிட்ட வந்தார்.

"உம்மட கொக்காவுக்கு ஒரு பிள்ளை எண்டெல்லோ சொன்னனீர்?" என்று என் காதோடு கேட்டார்.

"ரெண்டு," என்றேன். "இவள்தான் மூத்தவள்."

அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு கடைக்குத் திரும்பிப் போனார். அவ்வளவுதான் நடந்தது. இதற்குப் பயந்தா ஒரு பிள்ளையின் மூச்சை மூடினேன் என்று, மிச்ச வழி முழுவதும் என்னையே கேட்டுக்கொண்டு தள்ளினேன். துறைமுக முகப்புத் தெரியும் வளைவில் மூத்தவள் கப்பல்களைக் கண்டாள். தலை சரிந்தபடியே, அவை மறையும் வரை குமுறிக்கொண்டு வந்தாள்.

அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. அந்த வண்டில் இப்போது அவளுக்கு அளவு காணாது. இளையவனும் பள்ளிக்கூடம் போகிறான். துணியை இழுத்தது அவனுக்கு நினைவில்லை. அக்காவிடம் நான் எல்லாம் சொல்லிவிட்டேன், அந்த "ஒண்டு" என்ற சொல்லைத் தவிர. அக்காவுக்கு இன்றைக்கும் வாசிக்கத் தெரியாது. இது அச்சில் வந்தால் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். குடும்பத்தில் படித்தவன் நான்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த ஒரு வரியைத் தாண்டிப் போகாமல் அவளுக்கு வாசித்து முடிக்கிற அன்றைக்குத்தான் அதை நானும் நம்புவேன்.