புட் ஆஃப்

அக்காவின் கணவர் கைபேசியை நீட்டியபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். திரையில் ஆங்கிலத்தில் ஒரே வரி. பர்மனென்ட் வேலைக்கான நேர்காணல் ‘புட் ஆஃப்’ செய்யப்பட்டிருப்பதாகச் சொன்னது. “என்னா போட்டிருக்காங்கன்னு படிச்சி சொல்லும்மா” என்றார் மாமா.

கம்மாபுரம் பக்கத்தில் அவர்களுக்கு இருந்த நிலம் சுரங்கத்துக்குப் போயிருந்தது. அதன்பின் அவர் அந்தச் சுரங்கத்திலேயே கான்ட்ராக்ட் தொழிலாளியாகச் சேர்ந்து, பல வருடங்கள் காத்திருந்து பெற்ற அழைப்பு அது. நெய்வேலியில் அவர்கள் வீட்டில் தங்கி நான் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். குடும்பத்தில் ஆங்கிலம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆஃப் என்றால் விளக்கை அணைப்பது, மோட்டாரை நிறுத்துவது. அந்த நினைப்பிலேயே, “ரத்து பண்ணிட்டாங்க மாமா” என்றேன். “சரி, வுடு” என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினார்.

ரத்து செய்வது ‘கால் ஆஃப்’. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிவைப்பது. இன்று பள்ளியில் இதை நானே சொல்லிக்கொடுக்கிறேன். அன்று அகராதி அலமாரியில்தான் இருந்தது. கை கழுவிவிட்டு எடுத்திருக்கலாம்.

புதிய தேதியைச் சுரங்க அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். ரத்தானதற்குப் பலகையில் என்ன இருக்கப்போகிறது என்று மாமா அந்தப் பக்கமே போகவில்லை. நேர்காணல் முடிந்த மறுநாள், உடன் வேலை செய்தவர் வீட்டுக்கே வந்து, “நீ ஏன்பா வரல?” என்று கேட்டார். தேதி தள்ளிப்போனதை வந்தவர் விவரமாகச் சொன்னார். மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. “தேதிய நான்தான் மறந்துட்டேன்” என்றார். அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

மறுபடி அழைப்பு வரவில்லை. கான்ட்ராக்டிலேயே இருந்து, முதுகுவலி முற்றி, போன வருடம் வேலையை விட்டார்.

சென்ற மாதம் அவர் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அவள் கை நிற்கவில்லை.

“எனக்கு அந்த வாரமே தெரியும். ‘தெரியாம சொல்லிட்டா. அதையே கேட்டுக்கினு இருந்தா படிப்ப வுட்டுடுவா’ன்னாரு. அதான் உன்ன ஒண்ணும் கேக்கல.”

அவள் முன்னால் இன்னும் ஒரு கட்டு இருந்தது. அதை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். வெளியே மாமா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.