சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

அன்று நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. தோட்ட வண்டியின் முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்துக் கழுவினேன். ஈரக் கல்லில் மண்ணும் கிரீஸும் கலந்து மணத்தது.
2. அதற்குத் திருநீற்றுப் பட்டை போட்டு, சுத்தியல், ஸ்பானர்களோடு பூஜையில் வைத்தேன்.
3. கல் இருந்த இடத்தில் எலுமிச்சம்பழம் வைத்தேன்.
4. வண்டி கிணற்றுக்குள் போனது.
5. வண்டியில் என் தங்கை இருந்தாள்.

தொண்ணூறுகளின் நடுவில், சரவணம்பட்டியில் எங்கள் வீட்டைச் சுற்றிச் சோளக்காடுதான். வீட்டு வாசலிலிருந்து சரிவாக இறங்கும் தோட்டத்தில் பதினோரு தென்னை, இரண்டு வேம்பு, சரிவின் அடியில் கிணறு. மோட்டார் பைப்பை ஏற்றி இறக்க வசதியாக, வீட்டைப் பார்த்த பக்கம் மட்டும் கிணற்றுக்குச் சுவர் கட்டாமல் விட்டிருந்தார்கள். தினமும் விழும் மட்டையையும் சருகையும் குப்பைக்குழிக்குக் கொண்டுபோக, பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டும் டர்னராக இருந்த அப்பா, பாதியாக வெட்டிய ஆயில் டிரம்முக்கு நான்கு இரும்புச் சக்கரங்களும் இழுக்க ஒரு கைப்பிடியும் வைத்து வண்டி செய்திருந்தார். சக்கரத்துக்குப் பேரிங் போட்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, குப்பை வண்டிக்குப் பேரிங்கா? அப்படியே ஊட்டி வரைக்கும் தண்டவாளமும் போட்டுருங்க" என்று கேலி செய்தார். அப்பா ஒற்றை விரலால் வண்டியைத் தள்ளிக் காட்டினார். அது சத்தமே இல்லாமல் ஓடியது. அந்தச் சத்தமின்மைதான் அவருக்குப் பெருமை.

தள்ளுவது ஒன்பது வயதான என் வேலை. குழியில் கொட்டிவிட்டுத் திரும்பும்போது காலி வண்டியில் நான்கு வயதுத் தங்கையை உட்காரவைத்து இழுத்து வருவேன். அது அவளுக்குக் கூலி மாதிரி. அதற்காகவே நாலு சருகு பொறுக்கிப் போட்டுவிட்டு, "வேலை முடிஞ்சுதுங்க" என்று கையை நீட்டுவாள். சரிவில் வண்டியை நிறுத்தினால் முன்சக்கரத்துக்கு "முட்டுக்கல்" வைக்க வேண்டும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே விதி.

ஆயுதபூஜை அன்று காலையிலேயே, கழுவிப் பொட்டு வைக்க வேண்டியவற்றை நோட்டில் எழுதிக்கொண்டேன். மண்வெட்டி, அரிவாள், அளவு டேப், அம்மாவின் தையல் மிஷின், சைக்கிள், வண்டி என்று எழுதி, கடைசியாகக் கல்லையும் சேர்த்தேன். தினமும் வண்டியைப் பிடித்து நிறுத்துகிற அதுவும் ஓர் ஆயுதம்தானே என்று தோன்றியது; விட்டுவிட்டால் அதற்கு வருத்தமாக இருக்கும் என்றும் தோன்றியது. பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுத்து வேலை செய்யக்கூடாது. அதனால் சைக்கிளுக்கும் அப்பாவின் ஸ்கூட்டருக்கும் வைத்ததுபோல வண்டிக்கும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். சாமி கும்பிட்ட பிறகு வண்டியை ஏற்றி நசுக்க வேண்டிய பழம். அதுவரை நிற்கும் என்று நினைத்தேன். நின்றது, காலி வண்டியாக இருந்தவரை.

மாலை நான்கு மணி இருக்கும். கற்பூரத் தட்டு எடுக்க உள்ளே போனேன். தங்கை பொரிக் கிண்ணத்தோடு வண்டிக்குள் ஏறியிருக்கிறாள். எனக்குக் கேட்டது தண்ணீரின் சத்தம் ஒன்றுதான். ஓடி வந்து பார்த்தபோது சரிவில் நசுங்கிய பழம் கிடந்தது. கிணற்றில் ஆள் உயரத்துக்குக் கீழே, தண்ணீர் முழுக்க வெள்ளையாகப் பொரி மிதந்தது. பொரி மட்டும்தான் மிதந்தது.  

அதே சத்தம் கேட்ட அப்பா விளிம்பு வரை ஓடி வந்து அப்படியே நின்றுவிட்டார். டவுனில் வளர்ந்த அவருக்கு நீச்சல் தெரியாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவரைத் தாண்டி, பூஜைக்குக் கட்டிய புதுச் சேலையோடு அம்மா குதித்தாள். வேகமாக நடந்துகூட நாங்கள் பார்த்திராத அம்மா. பல்லடம் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் அடித்து வளர்ந்தவள் அவள் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. ஒரு முறை மேலே வந்தாள், கை காலியாக இருந்தது. மறுபடி மூழ்கினாள். இரண்டாம் முறை வந்தபோது தங்கையின் தலைமுடி அவள் பிடியில் இருந்தது.

"ஏனுங்க, அங்கயே நிக்காதீங்க. படியில எறங்கி வந்து புள்ளைய வாங்குங்க" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது, சந்தைப்பையை வாங்கச் சொல்வதுபோல.

தங்கை இருமினாள், வாந்தி எடுத்தாள், பிறகு அழுதாள். தாடையில் வெட்டு, வேறொன்றும் இல்லை.

அக்கம்பக்கம் கூடியது. பெரியப்பா அன்று கேலி செய்யவில்லை. எப்படி ஆச்சு என்று மெதுவாகக் கேட்டார். பூஜையறைக் கதவருகில் நின்றிருந்த எனக்கு, அடுத்து என் பெயர் வரும் என்று தெரிந்தது.

"என் தப்புத்தானுங்க. பேரிங் போட்டிருக்கக் கூடாது. ரொம்ப லேசா உருளுது" என்றார் அப்பா.

கல்லை நான் எடுத்தது அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். கூட்டம் கலைந்த பிறகு அவர் பூஜையறைக்கு வந்தார். ஸ்பானர்களுக்கு நடுவிலிருந்து கல்லை எடுத்தார். கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து, பட்டையும் பொட்டும் போகும்வரை தேய்த்துக் கழுவினார். பிறகு சரிவுக்குப் போய், வண்டி நின்றிருந்த இடத்தில், இல்லாத சக்கரத்துக்கு அடியில் அதை வைத்துவிட்டு வந்தார். வரும்போது என் தலையில் ஒருமுறை கை வைத்தார். ஈரக் கை. அவ்வளவுதான்.

இப்போது நான் வாகனங்களின் பிரேக் பாகங்களை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். சோளக்காடு இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள். கிணற்றின் மேல் கான்கிரீட் போட்டுக் கார் நிறுத்துகிறோம். வண்டியை யாரும் எடுக்கவில்லை, அது அடியிலேயே இருக்கிறது. தங்கைக்குத் தாடைத் தழும்பு மட்டும் இருக்கிறது, நினைவு இல்லை. பேரிங்தான் காரணம் என்று அவளும் அம்மாவும் நம்புகிறார்கள். ஆயுதபூஜைக்குப் பட்டியல் எழுதுவது இன்றும் நான்தான். காருக்கு எலுமிச்சம்பழம் வைப்பது அப்பா. பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கும் அந்தக் கல்லை அவர் எடுப்பதில்லை, நான் எழுதுவதில்லை. அவர் கேட்கவில்லை. நான் இன்னும் சொல்லவில்லை.